ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு

குணசேகரன் அண்ணனிடம் "சாப்பிட்டாச்சா?" என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வராது. "ரெண்டு இட்லி, ஒரு வட. எரநூத்தம்பது கிலோ கலோரி உள்ள போயிருக்கு. மத்தியானம் வரிக்கும் வண்டி ஓடும்" என்பார். இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலை பார்த்தவருக்கு அந்த வேலை ரத்தத்தில் ஊறிப்போவது சகஜம்தான். கூட வேலை பார்க்கிற எங்களுக்குத்தான் இம்சை.

எதையாவது எரித்து, அதில் எவ்வளவு சூடு இருந்தது என்று சொல்வது அவர் வேலை. திருவொற்றியூரில், கடலைப் பார்த்த மாதிரி, கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற சாலையில் எங்கள் லேப் இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரி, பாய்லருக்குப் போகும் எண்ணெய், உமி, மரத்தூள் எல்லாம் இங்கே சோதனைக்கு வரும். என் பெயர் சிவந்தி. ரிப்போர்ட் டைப் செய்து சீல் வைத்து அனுப்புவது என் பொறுப்பு. ராயபுரத்தில் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். மூட்டைகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல் இங்கே வந்தேன். வந்த இடத்தில் கரி மூட்டை.

அண்ணன் வேலை செய்வதைப் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒரு கிராம் தூளைச் சின்னக் கிண்ணத்தில் எடுப்பார். அதைத் தடித்த எஃகுக் குடுவைக்குள் வைத்து இறுக மூடுவார். அந்தக் குடுவைக்கு லேப்பில் 'பாம்' என்று பெயர். அதற்குள் ஆக்சிஜனை வெளிக்காற்றைப் போல முப்பது மடங்கு அழுத்தத்தில் ஏற்றி, இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ள வாளியில் இறக்கி, பட்டனை அழுத்துவார். உள்ளே ஒரு மெல்லிய கம்பி பழுத்து, அந்த ஒரு கிராம் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துபோகும். வெளியே சத்தமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. தண்ணீரின் சூடு மட்டும் மெல்ல ஏறும், ஒன்றரை டிகிரியோ இரண்டு டிகிரியோ. எங்கள் வாளியும் குடுவையும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 2,400 கலோரி வேண்டும். ஏறிய டிகிரியை அதால் பெருக்கி, கம்பி எரிந்த சூட்டைக் கழித்தால் விடை.

அந்த 2,400-ஐயும் அவர் சும்மா நம்பமாட்டார். திங்கட்கிழமைதோறும் பென்சாயிக் அமில மாத்திரை ஒன்றை எரிப்பார். அதன் சூடு உலகத்துக்கே தெரிந்த கணக்கு. "தராச படிக்கல்லு வெச்சி சரிபாக்கறோம் இல்ல, அந்த மாறி" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை கேஸ் சிலிண்டரை எடை போட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடை போட்டு, "அடுப்புல பாதி சூடு சுவத்துக்குப் போவுது" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மாநகராட்சிப் பள்ளியில் ஆயா, வாயில் லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப சுவத்துலயே தோச சுட்டுத் துன்னு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தவரும் அண்ணன்தான்.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து, அங்கேயே வாழ்கிறவர். அவர் அப்பா பேசின் பிரிட்ஜில் கரி அள்ளியவர். மகன் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, இந்த லேப்பில் நிலக்கரி இடிக்கிற ஆளாகச் சேர்ந்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தார். அந்தக் கையெழுத்தைத் தன் கண்ணைவிடப் பெரிதாக நினைத்தார். ஒரு தரகர், நம்பரைக் கொஞ்சம் ஏற்றிப் போடச்சொல்லி ஒரு பெட்டி மைசூர்பாகு வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதில் ஒரு கிராம் கிள்ளி எரித்தார். 'கிராமுக்கு 5,500 கலோரி. நெய் சரியாக உள்ளது. நன்றி' என்று துண்டுச் சீட்டு அடிக்கச்சொல்லி, பெட்டியோடு திருப்பி அனுப்பினார். அந்தச் சீட்டை டைப் செய்தது நான். அவ்வளவு நல்ல மைசூர்பாகைத் திருப்பி அனுப்பிய கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சென்ற நவம்பரில் எங்கள் லேப்புக்கு ஒரு வித்தியாசமான சாம்பிள் வந்தது. சத்துமாவு. எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்க ஒரு கம்பெனி மாவு வாங்க இருந்தது. வியாசர்பாடியில் பதினான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் குழு அதைச் செய்து தருவதாகப் பேச்சு. நூறு கிராம் மாவில் நானூறு கிலோ கலோரி இருக்க வேண்டும், பாமில் எரித்துப் பார்த்த ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனி அதிகாரி எழுதியிருந்தார். உணவுக்கு வேறு சோதனை முறைகள் இருக்கின்றன. அந்த மனிதருக்குக் கரியும் ஒன்றுதான் கேழ்வரகும் ஒன்றுதான் போலிருக்கிறது.

குழுவின் தலைவி சொக்கம்மாள், அண்ணன் குடியிருக்கும் அதே பிளாக்கில் கீழ்த்தளத்தில் இருப்பவர். கேழ்வரகு, பொட்டுக்கடலை, பயறு, வேர்க்கடலை, வெல்லம். இவற்றை வாங்கி, வறுத்து, அரைக்கிற பொறுப்பு மதிக்கு. மதி இரண்டாவது மாடி. அண்ணன் எல்லோருக்கும் அண்ணாத்த.

தெரிந்தவர்களின் சாம்பிள் என்பதால் அண்ணன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கறாராக இருந்தார். "நம்ம ஆளுங்கோ. நாளிக்கி யாரும் ஒரு வார்த்த சொல்லிறக்கூடாது. ஒரு படி விடாம செய்யணும்" என்றார். நிலக்கரிக்கு என்று ஒரு முறை உண்டு. தூளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு ராத்திரி காற்றாட வைப்பார்கள். கரியின் ஈரமும் அறையின் ஈரமும் சமாதானத்துக்கு வந்துவிடும். பிறகு எடை போடும்போது முள் ஆடாது. கரிக்கு, உமிக்கு, மரத்தூளுக்கு எல்லாம் அதே முறை. மாவையும் அப்படியே பரப்பினார். அன்று ராத்திரி நல்ல மழை.

மறுநாள் மூன்று தடவை எரித்தார். மூன்று தடவையும் தண்ணீர் 1.64 டிகிரிதான் ஏறியது. நூறு கிராமுக்கு 392. நான் டைப் செய்து, சீல் வைத்து அனுப்பினேன்.

கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைத்தது. சொக்கம்மாள் அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். "இன்னா கொறஞ்சா இப்டி வரும், அண்ணாத்த?" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் அண்ணன் பெரிய தப்பைச் செய்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கணக்கு என்று வந்தால் அவர் வாய் நிற்காது. பேப்பரை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு பங்கு என்று பெருக்கிக் கூட்டினார். எண்ணெய் உள்ளது வேர்க்கடலைதான், சூடு அதிகம் உள்ளதும் அதுதான். எல்லாம் சரியாகப் போட்டால் 426 வர வேண்டும். கடலையை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேழ்வரகு போட்டால் 396. வந்திருப்பதோ 392. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அதை அப்படியே சொக்கம்மாளிடம் சொல்லிவிட்டார்.

கடலை மதியின் கையில் இருந்த பொருள். மதி கடை பில்லைக் காட்டினாள். "வாங்கினத யாரு இல்லேன்றா? வாங்கினது எங்க போச்சு?" என்று கேட்டார்கள். இரண்டே நாளில் மதி குழுவில் இல்லை. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

இதையெல்லாம் அண்ணன் டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார். முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த அக்கா அப்படிப்பட்டவங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல. பதினோரு வருஷமா பாக்கறேன். கீழ கெடந்த அஞ்சு ரூபாவக்கூட யாருதுன்னு கேட்டுக் குடுக்கும்."

"அப்புறம்?"

"நம்பர் கீதே, சிவந்தி. மூணு வாட்டி கொளுத்தினேன். மூணும் ஒண்ணு."

எனக்கு வந்த எரிச்சலில், "அப்ப மரத்தூளக் கலந்திருந்தா உங்க பாம் கண்டுபிடிச்சிருக்குமா?" என்றேன்.

"கண்டுபுடிக்காது. மரத்தூளும் நல்லா எரியும், பாஸ் ஆயிருக்கும். அதுக்கு நாக்கு கிடையாது" என்றார். சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை, கொட்டுகிற மழையில், மதியே லேப்புக்கு வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். முந்தானைக்குள் ஒரு பாக்கெட்டைப் பொத்தி வைத்திருந்தாள். வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு நேரே அண்ணன் மேசைக்கு வந்துவிட்டாள்.

"இது அதே மாவு, அண்ணாத்த. அன்னிக்கி அரைச்சதுல எங்க வூட்டுக்குன்னு சீல் போட்டு வெச்சது. என் கண்ணு முன்னால கொளுத்து."

வெளியாள் கையால் கொண்டுவரும் பாக்கெட்டை எடுக்கக்கூடாது என்பது விதி. அண்ணன் அதைச் சொல்லவில்லை. பாக்கெட்டை வெட்டி, சரியாக நூறு கிராம் நிறுத்து, தட்டை எடுத்துப் பரப்பினார். கூடுதல் கவனமாக இருக்கிறாராம். "நாளிக்கி காத்தால வா, மதி" என்றார்.

"இன்னாத்துக்கு நாளிக்கி?"

"ஒரு ராத்திரி காத்தாடணும். அதான் மொற."

மதி தட்டைப் பார்த்தாள், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"தொறந்தா வெப்ப? மழ பேஞ்சிகினு கீது, எதிர்ல கடலு கீது. வறுத்த மாவு நமுத்துப் பூடாதா? டப்பா மூடிய செத்த நேரம் மறந்தாலே எனக்கு கட்டி கட்டியா ஆயிடும். அன்னிக்கும் இப்டிதான் வெச்சியா?"

அண்ணன் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கப்பலில் நனைந்து வரும் கரி, காற்றில் வைத்தால் ஈரத்தை விடும். இருபத்திரண்டு வருஷமாக ஈரத்தை விடுகிற பொருளையே பார்த்துப் பழகிய மனிதர். வறுத்த மாவுக்கு விட ஈரம் ஏது? அது வாங்கிக்கொள்ளத்தான் செய்யும். எங்கள் வீட்டு மளிகைக் கடையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நானும் அன்று அந்தத் தட்டைத் தாண்டித்தான் போய்வந்தேன்.

பாக்கெட்டில் மிச்சமிருந்த மாவிலிருந்து ஒரு கிராம் எடுத்து உடனே எரித்தார். நாங்கள் மூன்று பேரும் வாளியைச் சுற்றி நின்றோம். தண்ணீர் ஏறியது. 1.78 டிகிரி. நூறு கிராமுக்கு 426.

1.64-க்கும் 1.78-க்கும் நடுவே உள்ளது 0.14. ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. கையை விட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாத சூடு. அந்தச் சூட்டுக்குத்தான் ஒருத்தி திருடி ஆனாள்.

"தப்பு என்னாண்ட கீது, மதி" என்றார் அண்ணன்.

"அத்த எழுதிக் குடு" என்றாள் மதி. அழவில்லை. ஈரமுந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தட்டில் பரப்பிய நூறு கிராமை அண்ணன் எடுக்கவில்லை. மறுநாள் காலை நிறுத்தபோது நூற்றெட்டரை கிராம் இருந்தது. எட்டரை கிராம் மழைத் தண்ணீர். அதில் ஒரு கிராம் எரித்தார். திரும்பவும் அதே 1.64.

மேனேஜர் எபினேசர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, இதுல என்ன பெரிய குழப்பம்? புதுசா ஒரு சாம்பிள் வாங்குங்க, மூடியே வச்சு எரிங்க, பாஸ்னு ரிப்போர்ட் குடுங்க. ஆர்டர் கெடச்சிரும். பழசத் தொடாதீங்க. தொட்டா இதுவரைக்கும் குடுத்த உமி, மரத்தூள் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஆடிட்ல கேப்பான்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. எல்லோரும் தப்பித்துக்கொள்ள ஒரு வழி. அண்ணனும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், டப்பாவைத் திறக்காமல் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"சார், புது மாவு பாஸ் ஆச்சுன்னா குழுவுல இன்னா சொல்வாங்கோ? மதி மாட்டிக்கினா, அதனால இப்ப ஒயுங்கா கடல போட்டுட்டாங்கோன்னு சொல்வாங்கோ. புது ரிப்போர்ட்டு மதிய காப்பாத்தாது சார். அவ திருடிதான்னு சீல் குத்திக் குடுக்கும்."

எபினேசர் சார் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க கையெழுத்து உரிமைய நிறுத்தி வைக்க வேண்டி வரும், குணசேகரன்."

"நிறுத்துங்கோ, சார்."

கடிதத்தை அண்ணன் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'முன்பு அனுப்பிய 392 என்ற முடிவு தவறானது. மாவில் குறை இல்லை. மாவைத் திறந்து வைத்துச் சோதித்தது எங்கள் தவறு.' எபினேசர் சார் ஒரு நாள் முழுக்க அதை மேசையில் வைத்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கு ஆறு மாதம் கையெழுத்து இல்லை என்று தனியாக ஒரு உத்தரவும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு கூடும். பிளாக்கின் கீழே, மாவு அரைக்கிற கூடத்தில். அண்ணன் என்னையும் வரச்சொன்னார். "எனக்குப் படிக்கும்போது கொரலு போயிடும், நீ படி" என்றார். அவரே இரண்டாவது மாடிக்குப் போய் மதியை அழைத்து வந்தார். அவள் உள்ளே வரவில்லை, கதவருகே நின்றாள்.

நான் கடிதத்தைப் படித்தேன். அதிகாரி பாஷை யாருக்கும் சரியாக ஏறவில்லை. அண்ணன் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் மூடி வைத்த மாவு, ஒன்றில் தட்டில் பரப்பிய மாவு. "ரெண்டும் மதி அரைச்சது. தொட்டுப் பாருங்கோ" என்றார். சொக்கம்மாள் இரண்டாவது கிண்ணத்தில் விரல் வைத்ததுமே கையை இழுத்துக்கொண்டார். கிண்ணம் ஒவ்வொருவர் கையாகப் போனது. ஒருத்திக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நமுத்த மாவு எது என்று தெரியாத பெண் அந்தக் கூடத்தில் இல்லை.

"தண்ணிய நிறுத்து, அத்த கடலன்னு கணக்கு போட்டேன். என் கணக்க நம்பி நீங்கோ பேசினீங்கோ. தப்பு என்னுது" என்றார் அண்ணன்.

சொக்கம்மாள் எழுந்துபோய் மதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்சுல வெச்சிக்காதடி. பேப்பர்ல போட்டிருந்தாங்கோ. படிச்சவங்கோ சொன்னா நாங்கோ இன்னா பண்றது?"

மதி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் பார்வை அண்ணன் பக்கம் இருந்தது.

"உன் மேல கோவம் கீது, அண்ணாத்த. ஆனா நீ வந்து நின்ன." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "பதினோரு வருஷம் உங்கோ கூட ஒரே சட்டியில வறுத்துகினு கீறேன். உங்கோ பதிமூணு பேர்ல ஒருத்தி, 'மதி அப்டி பண்ணமாட்டா, போய் இன்னொரு வாட்டி கொளுத்திப் பாரு'ன்னு சொன்னாளா? அத்த சொல்றதுக்கு மழையில நாந்தான் போனேன். எனக்காவ நானே போனேன்."

எல்லோரும் குனிந்து கிண்ணங்களைப் பார்த்தார்கள். நானும்தான். அந்தப் பேப்பரில் சீல் குத்திய கை என்னுடையது.

ஆர்டர் டிசம்பரில் கிடைத்தது. இப்போது மாதம் இரண்டு முறை குழந்தைகளுக்கு மாவு போகிறது. மதியும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வயிறு இருக்கிறதே. ஆனால் கடலை வாங்கப் போவதில்லை, சரக்கு அறைச் சாவியையும் தொடுவதில்லை. இரண்டு பேர் நிறுத்துக் கொடுத்தால்தான் சட்டியில் கொட்டுகிறாள். வறுத்து முடித்ததும் அவர்களையே கூப்பிட்டுத் திரும்ப நிறுக்கச் சொல்கிறாள். வறுத்தால் கடலை எடை குறையும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைந்த அந்தக் கிராமையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் சொக்கம்மாளிடம் கையெழுத்து வாங்குகிறாள். சொக்கம்மாளும் ஒவ்வொரு தடவையும் போட்டுக் கொடுக்கிறார்.